அறுபதில் வரும் உறுமல்: வண்டிச் சத்தத்தைத் துரத்திய கதைகள்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்):

மூன்று மாதம் என் உயிரை வாங்கிய ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். போக வர தினமும் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. வண்டி 2016 மாடல் பெட்ரோல் கார், 74,000 கிலோமீட்டர் ஓடியது. 2025 பொங்கல் கழிந்த வாரம், கன்னியக்கோயில் தாண்டி ரோடு காலியாக இருக்கிறதே என்று அறுபதைத் தொட்டேன், எங்கிருந்தோ ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமல். பின்னால் பஸ் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இல்லை. நாற்பதுக்கு இறங்கினால் சத்தத்தைக் காணோம். திரும்ப அறுபது, திரும்ப உம்ம்ம். பாட்டுப் போட்டால் கேட்காது என்பதால் ஒரு வாரம் பாட்டுப் போட்டே ஓட்டினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பியபோதுதான் பின் சீட்டிலிருந்து, “என்னங்க, ஏரோப்ளேன் மாதிரி சத்தம் வருது, உங்களுக்குக் கேக்கலையா?” என்று வந்தது. இடது பின் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொன்னதால், சத்தம் இடது பின் சக்கரத்தில் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதை உறுதிப்படுத்த ஒரு சோதனையும் செய்தேன். நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஏறும்போது இடது கண்ணாடியை இறக்கிவிட்டேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பட்டு உறுமல் இரண்டு மடங்காகக் காதில் விழுந்தது. சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. பார்த்தாயா, இடது பக்கம்தான் என்று எனக்கு ஒரே பெருமை. இந்தச் சோதனையில் என்ன கோளாறு என்று உங்களில் பாதிப் பேர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள், எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதலில் ஒரு டயர் கடை. டயரைக் கையால் தடவிப் பார்த்து, “கட்டை மேடு பள்ளமா தேஞ்சிருக்கு சார், அதான் சத்தம்” என்றார்கள் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகளைத்தான் கட்டை என்கிறார்கள்). பொய் என்று சொல்ல மாட்டேன், டயர் அப்படித் தேய்ந்தாலும் இதே மாதிரிதான் உறுமும். ஆனால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் காசு செலவில்லாமலே தெரிந்திருக்கும், சத்தம் இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் டயர் இல்லை. அதைச் செய்யாமல் பின்னால் இரண்டு புது டயர் போட்டுக்கொண்டு 9,600 ரூபாயைக் கொடுத்தேன். மறுநாள் காலை கிருமாம்பாக்கம் தாண்டும்போதே உம்ம்ம். அப்புறம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம். வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுன்டிங் போய்விட்டது என்றார்கள். நல்ல வேளையாக அன்று கையில் பணம் இல்லை.

கடைசியில் ஆபீஸ் நண்பர் சொல்லி முருங்கப்பாக்கத்தில் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அந்த அண்ணன் பானெட்டையே திறக்கவில்லை. “எங்க வருதுன்னு சொல்லாதீங்க சார், எப்ப வருதுன்னு சொல்லுங்க” என்றார். ஐம்பதுக்கு மேல், நேர் ரோட்டில், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் வரும், பிரேக் பிடித்தால் மாறாது என்று சொன்னேன். சரி வாங்க என்று அவரே ஓட்டினார். அரியாங்குப்பம் தாண்டி அறுபதில் நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. எஞ்சின், மவுன்டிங் எல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்கிலிருந்து போய்விட்டன. பின்னாலும் முன்னாலும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் ஒடித்தார், சத்தம் ஏறியது. வலது பக்கம் ஒடித்தார், பாதியாகக் குறைந்தது. “வலது பக்கம் சார், முன் சக்கரம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் சாயும், பாரம் ஏறினால் கெட்ட பேரிங் (சக்கரம் வழுக்கிச் சுற்ற நடுவில் இருக்கும் குண்டு வளையம்) கத்தும், அதுதான் கணக்கு என்று அவர் விளக்கியபோதும் நான் பாலத்துக் கதையை விடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: “போகும்போது சுவர் எந்தப் பக்கம்? வரும்போது எந்தப் பக்கம்?”

நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள். இரண்டு தடவையும் கிட்டே இருப்பது இடது சுவர்தான். கண்ணாடியை இறக்கியதும் இடது பக்கம் மட்டும்தான். வேறு எங்கிருந்து கேட்கும்?

ஷெட்டில் ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லையென்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாதாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு என் கையைப் பிடித்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் காயில் ஸ்பிரிங்கில் வைத்தார். இடது பக்கம் வழவழவென்று ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம், ஊறாத அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டுச் சுற்றினால் கையில் எப்படி இருக்கும், அப்படி நறநறத்தது.

பழைய பேரிங்கை வெளியே எடுத்ததும், “தண்ணியில எறக்குனீங்களா?” என்றார். 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல் கரை ஏறிய அன்று நான் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டேன். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டித்தான் நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓடிச் சூடான பேரிங் தண்ணீரில் முங்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கிரீஸ் கெட்டு, குண்டு ஓடும் பாதையில் துரு விழுந்து, சொரசொரப்பாகி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் பாட ஆரம்பிக்கும். பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி இறக்கிய கூலியும் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. (சுத்தியலால் தட்டி மாட்டுகிற இடத்துக்குப் போகாதீர்கள், புதுசும் அன்றே கெடும்.)

உங்கள் சத்தங்களையும் எழுதுங்கள்.

---

உப்புக்காற்று (தேவனாம்பட்டினம்):

எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். ராத்திரி மழை பெய்து வண்டி வெளியே நின்றால் காலையில் எடுத்தவுடன் ‘சர்ர்ர், சர்ர்ர்’ என்று முன்னால் உரசும். முதல் தடவை பயந்துபோய்ப் பாதியில் திரும்பி வந்தேன். பிரேக் டிஸ்க்கில் ஒரே ராத்திரியில் படிந்த மெல்லிய துருதான், நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பிரேக் பேடே சுரண்டி எடுத்துவிடும். செம்மண்டலம் வருவதற்குள் நிற்க வேண்டும். நிற்காமல் இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி தொடர்ந்து வந்தால் அது வேறு விஷயம், பேட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அன்றே காட்டுங்கள்.

இன்னொன்று, பெரியகங்கணாங்குப்பம் பக்கம் ஜல்லி கொட்டி வேலை நடந்தபோது சக்கரத்துக்குள் திடீரென்று காது கூசுகிற கிறீச். பிரேக் முழுவதும் போய்விட்டது என்று ஓரம் கட்டினேன். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவு ஒரு கல். கொஞ்சம் பின்னால் எடுத்து முன்னால் விட்டதும் தானாக விழுந்துவிட்டது.

---

லாஸ்பேட்டை அக்கா:

எனக்கு வந்தது ‘டக் டக் டக் டக்’. நேராகப் போனால் சத்தமே கிடையாது. கொக்கு பார்க் பக்கம் யூ டர்ன் எடுத்தால் வரும், வீட்டு வாசலில் திருப்பினால் வரும். ஷெட்டில் சொன்னால், “மேடம், கிளட்ச்ச மெதுவா விடுங்க” என்கிறார். பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், கிளட்ச் விடத் தெரியாதா எனக்கு? வீட்டுக்காரர் போய் அதே வார்த்தையைச் சொன்னபோது மட்டும் வண்டியை மேலே தூக்கிப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னாலேயே நான் ஹெலிபேட் மைதானத்தில் காலி இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வைத்துக்கொண்டு மெதுவாக வட்டம் அடித்தேன், கண்ணாடி இரண்டும் இறக்கி. திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுத்தால் டக்டக் வேகமாகிறது, காலை எடுத்தால் குறைகிறது. இறங்கிக் குனிந்து பார்த்தால் ரிம்மின் உள்பக்கமெல்லாம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கிறது. ஆக்சில் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்குமே, பூட் என்பார்கள், அது கிழிந்து கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே போயிருக்கிறது. கிழிந்த அன்றே பார்த்திருந்தால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு உறைக்குள் இருக்கும் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த உறையை ஒரு பார்வை பாருங்கள், அரை நிமிஷ வேலை.

---

நெல்லிக்குப்பம் ரோடு:

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கி டிக்கியில் போட்டேன், ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் ‘டொம்’. பழம்தானே என்று விட்டேன். பழத்தைத் தின்று கொட்டையைக் குழம்பும் வைத்தாயிற்று, டொம் நிற்கவில்லை. ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்லி விலை கூடப் பேசிவிட்டேன். பழம் வைக்க இடம் பண்ணும்போது ஜாக்கியை அதன் குழியிலிருந்து எடுத்துச் சும்மா போட்டது நான்தான்.

---

பழைய பத்மினி (முதுநகர்):

தம்பி கெடிலக்கரைக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்க்கிற வித்தை நல்லதுதான், ஆனால் எல்லாப் பேரிங்கும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கத்துகிறதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த மெக்கானிக் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். அதோடு, நம் ரோட்டில் தடுப்பே இல்லாமல் ரெண்டு சக்கரக்காரர்கள் எந்தப் பக்கமிருந்தும் வருவார்கள், அறுபதில் ஆள் பார்க்காமல் வண்டியை வளைக்காதீர்கள்.

சின்னச் சின்னப் பள்ளத்தில் ‘கடகட’, பெரிய பள்ளத்தில் சத்தமில்லை என்றால் முதலில் சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பியை, அதாவது லிங்க் ராடைப் பாருங்கள், விலை மலிவு, அடிக்கடி போவதும் அதுதான். மழைநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சிட்டு ஒரு நிமிஷத்தில் அடங்கினால் ஃபேன் பெல்ட். செல்போனில் சத்தத்தைப் பதிந்து கொண்டுபோவது டக்டக்குக்கும் கிறீச்சுக்கும் சரி, உறுமலுக்கு உதவாது, அந்தக் கட்டைக் குரல் போனில் சரியாக விழுவதில்லை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவதுதான் வழி.

ஒன்று கேட்க வேண்டும். கழற்றிய அந்த ரெண்டு நல்ல டயர் என்ன ஆயிற்று?

---

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்):

ஐயா, அதைக் கேட்காமல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் டயர் கடையில் மாற்றாகக் கொடுக்காமல் மொட்டை மாடியில் போட்டிருந்தேன். மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று வீட்டில் ஒரே சண்டை. போன மாதம் மச்சான் வந்து தூக்கிக்கொண்டு போனார். உங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில்தான் இருக்கின்றன, அவருடைய கூட்டாளியின் படகு ஓரத்தில், கரையில் மோதாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மீன் வாங்கப் போனால் பார்க்கலாம், கட்டை இன்னும் நன்றாகவே இருக்கிறது.