கலைச்சொல் தேவை: தொட்டிக்குள் எத்தனால் பெட்ரோல் இரண்டாகப் போவது

நாகப்பட்டினம், கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஃபைபர் படகுகளில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) ஓட்டுவோருக்கான பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடிக்கு இறங்கிவிடுகிறது. மூலத்தில் இதை 'ஃபேஸ் செப்பரேஷன்' என்கிறார்கள். 'கட்டப் பிரிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

மதுரை, வேதியியல் ஆசிரியை:

கட்டம் வேண்டாம். கட்டம் என்றால் மாணவர்களுக்குக் காலக்கட்டம் நினைவுக்கு வரும், இல்லையேல் சதுரக் கட்டம். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'ஃபேஸ்' என்பதற்கு 'நிலைமை' என்ற சொல் இருக்கிறது; ஆகவே 'நிலைமைப் பிரிவு'. 'நிலைமைப் பிரிகை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூழ்மப் பாடத்தில் 'பிரிகை ஊடகம்' என்று படிக்கிறார்கள். அங்கே பிரிகை என்பது ஒன்றுக்குள் ஒன்று சிதறிப் பரவி இருப்பது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்கள் உயர்தர வகுப்பு வேதியியலில் 'ஃபேஸ்' என்பது 'அவத்தை' என்றே பல்லாண்டாக இருக்கிறது. அவத்தைச் சமநிலை, அவத்தை வரிப்படம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கம். ஏற்கனவே வேர்விட்ட சொல் இருக்கப் புதிதாக நடுவது ஏன்? 'அவத்தைப் பிரிவு' என்று வைத்தால் இரு கரையிலும் ஒரே சொல்லாகும்.

மதுரை, வேதியியல் ஆசிரியை:

ஐயா, உங்கள் சொல்லில் குறை இல்லை. ஆனால் இந்தக் கரையில் அவத்தை என்றால் படுகிற பாடு. 'தொட்டியில் அவத்தைப் பிரிவு' என்று படித்தால், தொல்லை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

தஞ்சாவூர், இலக்கண ஆசிரியர்:

முதலில் வினையைப் பாருங்கள். எத்தனால் தானே பிரிகிறது, யாரும் பிரிப்பதில்லை. எனவே தன்வினைப் பெயராகிய 'பிரிவு' சரி, 'பிரிப்பு' பிறவினை, தவறு. ஆனால் பிரிவு அலுவலகத்திலும் உண்டு, சட்டத்திலும் உண்டு, தேய்ந்த காசு. நம்மிடம் 'தேறு' என்ற அருமையான வேர் இருக்கிறது. கலங்கியது தெளிவது தேறுதல். தெளிந்த கள் தேறல். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் உரசுவது தேற்றாங்கொட்டை. எத்தனாலும் ஒருவகைத் தேறல்தானே! கலங்கிய பெட்ரோல் அடுக்காகித் தெளிவதற்குத் 'தேறுகை' என்பதைவிடப் பொருத்தம் எது? தெளி, தேறு, தேர் மூன்றும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. விரும்பினால் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

தூத்துக்குடி, அவுட்போர்டு மெக்கானிக்:

தஞ்சாவூர் ஐயா மன்னிக்கணும். பட்டறையில் 'தேறாது' என்றால் தூக்கி எறிய வேண்டியது என்று அர்த்தம். பிரிந்த பெட்ரோலைத் 'தேறியது' என்று எழுதினால் நல்லதாகிவிட்டது என்று எஞ்சினுக்கு ஊற்றிவிடுவான். மேலடுக்கு கண்ணாடி மாதிரி சுத்தமாகத்தான் தெரியும். ஆபத்தே அதுதான்.

இப்போது பேச்சில் 'அடியில் தண்ணி நிக்குது' என்கிறார்கள். எத்தனால் இல்லாத பழைய பெட்ரோலுக்கு அது சரி. அதில் தண்ணீர் கரைவது மிகமிகக் குறைவு, தனியாக அடியில் நிற்கும், வடித்துவிட்டு ஓட்டலாம். இ10, இ20 (பத்து, இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்) அப்படி இல்லை. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். இ10 ஆக இருந்தால் 15 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு, அதாவது 24 லிட்டர் தொட்டிக்கு 120 மில்லி. இ20 இன்னும் அதிகம் தாங்கும். தாங்கும் வரை ஒன்றுமே தெரியாது. குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். மாலையில் நன்றாக ஓடிய படகு விடியற்காலை ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு தாண்டினால் தண்ணீர் மட்டும் இறங்காது, எத்தனாலில் பெரும்பகுதியும் கூடவே போகும். இ20 தொட்டியில் 24க்கு 4.8 லிட்டர் எத்தனால். அடியில் லிட்டர் கணக்கில் நிற்கும், உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்குக்கு இன்னும் மோசம். 50க்கு 1 கணக்கில் 24 லிட்டருக்கு ஊற்றிய 480 மில்லி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். கீழே இருப்பதை எஞ்சின் இழுத்தால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அடியை வடித்துவிட்டு மேலே இருப்பதை ஓட்டலாமா என்றால், எத்தனால் போனதால் ஆக்டேன் (தட்டாமல் எரியும் திறன்) இறங்கியிருக்கும், எஞ்சின் தட்டும். ஆகவே 'அடித்தண்ணீர்' என்ற சொல்லைக் கையேட்டில் போடாதீர்கள். அந்தச் சொல்லே தப்பான வேலையைச் செய்ய வைக்கும்.

பால் மாதிரி இதுவும் திரிந்துபோகிறது, அவ்வளவுதான். 'பெட்ரோல் திரிந்தது' என்று எழுதுங்கள். திரிந்த பாலை யாரும் வடிகட்டிக் காப்பி போடுவதில்லை.

மதுரை, வேதியியல் ஆசிரியை:

சொல் அழகு. ஆனால் பால் திரிகையில் புரதம் உறைகிறது, மறுபடி பாலாகாது. இங்கே எந்தப் பொருளும் மாறவில்லை, கரைதிறன்தான் தீர்ந்துபோகிறது. வகுப்பில் செய்து காட்டலாம்: 100 மில்லி அளவு உருளையில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி இ20. மூடிக் குலுக்கி, ஆவி வெளியேற மூடியை ஒருமுறை தளர்த்தி, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். 10இல் இருந்த கோடு நன்றாக மேலேறி நிற்கும். ஏறிய அளவு, இறங்கி வந்த எத்தனால். நெருப்பு அருகில் கூடாது.

தஞ்சாவூர், இலக்கண ஆசிரியர்:

புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகையில் னகரம் றகரமாகத் திரிகிறது. திரிதல் என்றால் ஒன்று வேறொன்றாவது; ஒன்று இரண்டாவது அன்று. பால் திரிவதும் அந்தப் பொருளில்தான்.

தூத்துக்குடி, அவுட்போர்டு மெக்கானிக்:

ஐயா சொன்னால் சரிதான். படிக்கிறவன் என்ன செய்யப் போகிறான் என்பதுதான் என் கவலை.

நாகப்பட்டினம், கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

இடையில் ஒரு கேள்வி. எத்தனால் சில பழைய ஃபைபர் கிளாஸ் தொட்டிகளின் பிசினைக் கரைத்துவிடும். கரைந்தது உள்வால்வில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அங்கே 'கரைதல்' போதுமா, 'அரித்தல்' வேண்டுமா?

மதுரை, வேதியியல் ஆசிரியை:

பிசினுக்குக் கரைதல். அலுமினியத் தொட்டியில் அடியடுக்கு செய்வது அரித்தல். இரண்டையும் கலக்க வேண்டாம்.

நாகப்பட்டினம், கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

தனி மடலில் வந்த பதில்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். 'திரிதல்' பக்கம் அதிகம் பேர். சிலர் 'போதும், அச்சுக்கு அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பாடத்தில் 'பெட்ரோல் திரிதல்', பின்னிணைப்பில் 'நிலைமைப் பிரிவு; இலங்கையில் அவத்தைப் பிரிவு'. பத்தி இப்படி அமைகிறது:

"ஒரு வாரத்துக்கு மேல் நின்ற தொட்டியை ஓட்டுவதற்கு முன், அடியிலிருந்து 200 மில்லி எடுத்து நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் கால்மணி நேரம் வையுங்கள். நடுவே கோடு தெரிந்தால் பெட்ரோல் திரிந்துவிட்டது. குலுக்கிக் கலக்காதீர்கள், மறுபடி பிரியும். பெட்ரோலில் கலக்கும் மருந்து எதையும் ஊற்றாதீர்கள், சேராது. தொட்டி முழுவதையும் காலிசெய்யுங்கள், கடலில் கொட்டாதீர்கள். ஹோஸ், கைப்பம்பு பல்பு, ஃபில்டர், கார்புரேட்டர் கிண்ணம் நான்கையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். படகு நிற்கும்போது மூடியின் காற்றுத் திருகை இறுக்குங்கள். மூடி வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்."

தூத்துக்குடி, அவுட்போர்டு மெக்கானிக்:

பத்தி சரி. டூ ஸ்ட்ரோக் ஆயில் விஷயத்தைத் தனி வரியாகத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

யாழ்ப்பாணம்:

பின்னிணைப்பில் இடம் தந்ததற்கு நன்றி. எங்கள் பதிப்பு வந்தால் பாடத்திலேயே அவத்தைதான் இருக்கும்.

தஞ்சாவூர், இலக்கண ஆசிரியர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் கீழே இறங்கி நிற்பதற்கு நீங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. 'அடியடுக்கு' என்கிறார் மதுரை அம்மா. அது இடத்தின் பெயர், பொருளின் பெயர் அன்று. தண்ணீருமில்லை, எத்தனாலுமில்லை என்றால் அது என்ன? 'அடிமண்டி' பொருந்துமா என்று பாருங்கள். மண்டி திடமானது என்ற தடை எனக்கும் உண்டு.