மருதம்பட்டைச் சாறு, ஐசோபுரோட்டெரினால் எலிகள்: டிபார்ஸ் அளவு ஏன் நிலையில்லை?

ஆய்வு_மாணவி:
நீர்மருதம்பட்டையை 70% எத்தனாலில் 72 மணி நேரம் ஊறவைத்து எடுத்த சாறு. அது இதயத்தைக் காக்கிறதா என்று பார்க்க, விஸ்டார் இன ஆய்வக எலிகளுக்கு 28 நாள் வாய்வழி கொடுத்து, 27, 28ஆம் நாள்களில் இதயத்தசையைச் சேதப்படுத்தும் ஐசோபுரோட்டெரினால் மருந்தைக் கிலோவுக்கு 85 மி.கி. தோலடியில் போட்டோம். மறுநாள் இதயத்தைச் சுக்ரோஸ் கரைசலில் அரைத்தோம். ஐசோ மட்டும் போட்ட குழுவில் டிபார்ஸ் (கொழுப்பு ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் அளவு) எலிக்கு எலி வெகுவாக மாறுகிறது. எதுவும் தராத குழுவிலும் அளவு உயர்ந்தே இருக்கிறது. எங்கே தவறு?

திசு_வேதியியல்:
முதலில் சுக்ரோஸை விடுங்கள். டிபார்ஸ் சோதனையில் நிறம் வரச் சேர்க்கும் தயோபார்பிட்டூரிக் அமிலத்துடன் கொதிக்கும்போது சர்க்கரையும் நிறம் கொடுக்கும், 532 நானோமீட்டர் அளவீடு கெட்டுவிடும். 1.15% பொட்டாசியம் குளோரைடில் 10% கலவையாக அரைக்கலாம். வெட்டியதும் இதயத்தைப் பனிக்குளிர் உப்புநீரில் ரத்தம் போகும்வரை அலசுங்கள். தங்கிய ஹீமோகுளோபினின் இரும்பு, 95 டிகிரி சூட்டில் குழாய்க்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனேற்றும். எதுவும் தராத கட்டுப்பாட்டுக் குழுவில் அளவு உயர இது ஒன்றே போதும். சூடாக்கும் முன் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியைச் சேர்த்தால் அது அடங்கும்.

மருந்தியல்_ஆய்வகம்:
எலிக்கு எலி மாறுவதற்கு ஊசி மருந்தையும் பாருங்கள். ஐசோபுரோட்டெரினால் கரைசல் வெளிச்சத்திலும் காற்றிலும் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறியதைப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைத்து, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி உடனே பயன்படுத்துங்கள். எடையை அன்றன்றே பார்த்து அளவு கணக்கிடுங்கள். இரண்டு ஊசிக்கும் 24 மணி இடைவெளி எல்லா எலிக்கும் ஒன்றாக இருக்கட்டும். இடையில் இறந்த எலிகளின் எண்ணிக்கையையும் குழுவாரியாக எழுதுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவை இறந்துபோனால் மிஞ்சியவற்றின் சராசரி குறைந்து தெரியும்.

ஆய்வு_மாணவி:
நன்றி ஐயா. டிபார்ஸ் சரியாகி, சாறு தந்த குழுவில் குறைந்தால் ஆக்சிஜனேற்றத் தடைதான் காரணம் என்று எழுதலாமா?

இதய_மருந்தியல்:
அது மட்டும் போதாதம்மா. ஐசோபுரோட்டெரினால் பீட்டா ஏற்பிகளைத் தூண்டி, துடிப்பையும் செல்லுக்குள் கால்சியத்தையும் ஏற்றுகிறது. ஆக்சிஜனேற்றச் சேதம் அதைத் தொடர்ந்தும் வருகிறது. சாறு அந்தத் தூண்டலையே தணித்தாலும் டிபார்ஸ் இறங்கும். ஆகவே ஊசிக்குப் பின் இசிஜியில் துடிப்பைப் பதிந்து குழுக்களை ஒப்பிடுங்கள். சாறு மட்டும் தரும் குழு கட்டாயம். செல்லின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குளுட்டாதயோனை 412 நானோமீட்டரில் அளந்து, இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் புரத அளவும் நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவெட்டும் சேருங்கள். சீரம் சிவந்திருந்தால் எல்டிஎச் (செல் சேதமானால் வெளிவரும் நொதி) அளவை நம்ப வேண்டாம், அது சிவப்பணுவிலிருந்தும் வரும். குழாயில் செய்யும் டிபிபிஎச் ஆக்சிஜனேற்றத் தடைச் சோதனை சாற்றின் வேதித்திறனை மட்டுமே காட்டும், அதை இதயத்துக்கான சான்றாக வைக்காதீர்கள்.

பட்டை கடையில் வாங்கியதா? கருமருதின் பட்டை கலந்து வருவதுண்டு. நீர்மருதின் வெளிப்புறம் வெளிறி வழவழப்பாக இருக்கும், கருமருதினது ஆழமாக வெடித்திருக்கும். பொடியாக வாங்காமல் முழுப்பட்டையாக வாங்கி, தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து மாதிரி எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.