900 வோல்ட்டில் தீப்பொறி இடைவெளியைத் தூண்டுவது எப்படி?

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் வீட்டிலேயே சின்னதாக ஒரு டெஸ்லா சுருள் (மிக உயர்ந்த வோல்ட்டில் மின்பொறி எழுப்பும் கருவி) செய்துகொண்டிருக்கிறேன். 12 வோல்ட் பற்றரியில் இருந்து உயர்த்தி, 1 மைக்ரோஃபரட் மின்தேக்கியை 900 வோல்ட் வரை ஏற்றுகிறேன். அதில் சேர்ந்த மின்னை முதற்சுருளுக்குள் விடும் தீப்பொறி இடைவெளியில்தான் (பொறி பாயும்போது சுவிட்ச் மாதிரி வேலைசெய்யும் இரண்டு உலோக முனைகள்) சிக்கல்.

இந்த வோல்ட்டில் பொறி தானாகப் பாய, முனைகள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் கிட்டத்தில் நிற்கவேண்டும். அவ்வளவு கிட்ட வைத்தால் உருகி ஒட்டிவிடுகின்றன. அதனால் இடைவெளியை 1 மில்லிமீற்றராக்கி, நடுவில் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வைத்து, மோட்டார் சைக்கிள் இக்னிஷன் கொயிலால் தூண்டுகிறேன். மெல்லிய நீலப் பொறி ஒழுங்காக வருகிறது. ஆனால் மின்தேக்கி முழுவதும் இறங்கும் அந்தப் பட்டென்ற வெடிச்சத்தம் சில தரம்தான் கேட்கிறது.

மூன்றாவது முனையை நடுவில் விடுவதா, ட்ரிகட்ரான் என்ற தூண்டு இடைவெளி மாதிரி ஒரு முனையில் துளை போட்டு அதற்குள் வைப்பதா? தூண்டும் துடிப்பின் துருவத்தை மாற்றினால் பயன் உண்டா? அப்புறம், இக்னிஷன் கொயிலின் பல ஆயிரம் வோல்ட் திரும்பி வந்து ஏற்றும் சுற்றின் டயோடுகளை உடைத்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. சோக் (திடீர்த் துடிப்பைத் தடுக்கும் கம்பிச்சுருள்) போதுமா, ரெசிஸ்டரும் வேண்டுமா?

மின்தேக்கிக்குக் குறுக்கே வடிகால் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். மீற்றர் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை.

இப்போதுள்ள பித்தளை முனைகள் கெதியாகக் கறுக்கின்றன. டிக் வெல்டிங் (தங்ஸ்தன் முனையால் செய்யும் வெல்டிங்) செய்கிற அண்ணாமார் யாராவது யாழ்ப்பாணத்தில் இருந்தால், மிச்சமான தங்ஸ்தன் துண்டுகள் இரண்டு கிடைக்குமா? காசு தருவேன்.