பழைய ஐஸ்பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டு ஐஸ்பெட்டிக்கு இருபது வயது, கதவு ரப்பர் வெடித்து ஓரத்தில் எப்போதும் தண்ணீர் துளிர்க்கிறது. பில் ஏறுவது இதனால்தானா, எப்படி அளப்பது?

பதில்: பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்குங்கள் அண்ணே. கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்கும் என்பதால் 24 மணி நேரமாவது விட்டு யூனிட்டைப் பாருங்கள், அந்த நேர வாட்டை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

பதில்: வாங்காமலும் முடியும். மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு வீட்டு மீட்டரில் விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். யூனிட்டுக்கு 1000 மினுக்கு என்று எழுதியிருந்தால், 5 நிமிடத்தில் 10 என்பது 120 வாட்.

கேட்டவர்: இப்போதே எண்ணினேன், கம்ப்ரசர் ஓடும்போது 15, அதாவது 180 வாட். அது நிற்கவே மாட்டேன் என்கிறது! முதலில் ரப்பரை மாற்றுகிறேன், அப்புறம் ஒரு நாள் முழுக்க அளக்கிறேன்.