கலைச்சொல் உதவி (அவசரம்): கர்னல் பக்கங்களைத் திரும்ப எடுப்பதற்கு என்ன பெயர்?

குடந்தை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இயங்குதளச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகம் போயாக வேண்டும். ஒரு பயிற்சி மட்டும் நிற்கிறது: லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரி ரீக்ளெய்ம் செய்வதைக் கண்காணிப்பது. அதாவது காலி இடம் குறையும்போது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள நினைவகப் பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) அது திரும்ப எடுத்துக்கொள்வது. படியில் 'நினைவக மீட்பு' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை அழிந்த கோப்பை மீட்பது என்று எடுத்துக்கொண்டு, அதற்கொரு மென்பொருளையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டார். மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள். வேறு சொல் வேண்டும். ஸ்கேன், ஸ்டீல் (திருடுதல் என்ற பொருளில்), வாட்டர்மார்க், பிரஷர் நான்குக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்னலைக் 'கரு' என்பதா 'உட்கரு' என்பதா என்று மட்டும் தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.

திருவையாற்றுப் புலவர் எழுதியது:

அம்மா, குற்றம் சொல்லில் இல்லை, மெய்ப்பில். மீள் என்னும் வினை இரு வழியும் நடக்கும்: மீண்டான் தன்வினை, மீட்டான் பிறவினை. பக்கம் தானாக மீள்வதில்லை, கர்னல் மீட்கிறது. எனவே மீட்பு. இன்னும் நயமாக வேண்டுமானால், ஆநிரை கவர்தல் வெட்சி, அதை மீட்டல் கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையில் அது தனித் திணை. ஸ்டீல் என்பதை வெட்சி என்றும் ரீக்ளெய்மைக் கரந்தை என்றும் வைத்துப் பாருங்கள். தஞ்சைக்காரர்களுக்குக் கரந்தை என்ற பெயர் அந்நியமும் அல்ல.

மன்னார்குடி சர்வர்க்காரர் எழுதியது:

> ஸ்டீல் என்பதை வெட்சி என்றும் ரீக்ளெய்மைக் கரந்தை என்றும்

ஐயா, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெட்சியும் கரந்தையும் எதிரெதிர்ப் படை. இங்கே கவர்வதும் மீட்பதும் ஒரே ஆள். கர்னல் வைக்கும் எண்ணிக்கைகளில் பிஜிஸ்கேன் என்றால் எத்தனை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது. பிஜிஸ்டீல் என்றால் அதில் எத்தனை கைக்கு வந்தது. அவ்வளவுதான்.

சொல்லுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு நினைவக மண்டலத்துக்கும் மின் (மினிமம்), லோ, ஹை என்று மூன்று வாட்டர்மார்க் குறி உண்டு. காலிப் பக்கங்கள் லோவுக்குக் கீழே இறங்கினால் கேஸ்வாப்டி என்னும் கர்னலின் பின்னணிப் பணி எழுந்து, ஹை வரும்வரை வேலை பார்த்துவிட்டுப் படுத்துவிடும். பயனருக்குத் தெரியவே தெரியாது. கேட்கிற வேகம் கேஸ்வாப்டியையும் மிஞ்சி, காலி இடம் மின்னுக்கும் கீழே போனால், நினைவகம் கேட்ட நிரலே நின்று தேடி எடுக்க வேண்டும். இது டைரக்ட் ரீக்ளெய்ம். 'சர்வர் தொங்குது' என்று போன் வருவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே எந்தச் சொல்லை வைத்தாலும் முன்னால் 'பின்னணி', 'நேரடி' இரண்டும் ஒட்டவேண்டும். 'நேரடிக் கரந்தை' என்று தேர்வுத்தாளில் கேட்க முடியாது.

எடுக்கப்படும் பக்கங்களும் ஒரே மாதிரி இல்லை. கோப்பிலிருந்து படித்து மாறாமல் கிடப்பதை அப்படியே விட்டுவிடலாம், வேண்டும்போது வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். எழுதி மாறியதை முதலில் வட்டில் இறக்கவேண்டும், இங்கே வட்டின் வேகம் குறுக்கே வரும். நிரலின் சொந்தத் தரவு, பின்னால் கோப்பு ஏதும் இல்லாதது, ஸ்வாப்புக்கு (நினைவகத்திலிருந்து வெளியேற்றியதை வைக்க வட்டில் ஒதுக்கிய இடம்) மட்டுமே போகமுடியும்; ஸ்வாப் இல்லாத இயந்திரத்தில் அதைத் தொடவே முடியாது. அப்போது கர்னல் கோப்புப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் பிடுங்கும். ஓடிக்கொண்டிருக்கிற நிரலின் கட்டளைப் பக்கங்களும் அதில் போய், உடனே திரும்ப வந்து, மறுபடி போகும். மவுஸ் நகராது, ஆனால் எதுவும் செத்தும் போகாது. டெவ் எஸ்எச்எம் என்னும், நினைவகத்திலேயே இருக்கும் அடைவில் வைத்த கோப்பும் நிரலின் சொந்தத் தரவு மாதிரிதான். பார்க்கக் கோப்பு, எடுக்கப் போனால் ஸ்வாப் வேண்டும்.

மாயவரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நம் ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? தூர்வாரல். மேட்டூர் திறக்கும் முன் வாய்க்காலைத் தூர்வாருவது கொள்ளளவை மீண்டும் பெறத்தானே? 'நினைவகத் தூர்வாரல்' என்றால் கடைமடையில் இருக்கும் பையனுக்கும் ஒரே நொடியில் புரியும்.

வாட்டர்மார்க்குக்கு 'நீர்க்குறி' வேண்டவே வேண்டாம். அது ரூபாய்த் தாளில் வெளிச்சத்தில் தெரிவது. இங்கே சொல்லப்படுவது தண்ணீர் எதுவரை நிற்கிறது என்ற அடையாளம். 'மட்டக்குறி' போதும்: கடைமட்டம், கீழ்மட்டம், மேல்மட்டம். மின்னை 'அடிமட்டம்' என்றால் பையன்கள் ஸ்கேலை எடுத்து நீட்டுவார்கள்.

மன்னார்குடி சர்வர்க்காரர் எழுதியது:

மட்டக்குறிக்கு என் ஓட்டு. தூர்வாரலுக்கு இல்லை. தூர் என்றால் வண்டல், வேண்டாதது. பக்கத் தேக்ககத்தில் (கோப்பிலிருந்து படித்ததை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இருப்பது வேண்டாதது இல்லை, வேகத்துக்காகவே வைத்திருப்பது. அதைத் தூர் என்று நினைக்கிறவர்தான் தேக்ககத்தைக் காலிசெய்யும் ட்ராப் கேச்சஸ் கோப்பில் மணிக்கொருதரம் 3 என்று எழுதும்படி கிரானில் (நேரம் வைத்துக் கட்டளை ஓட்டும் கருவி) போட்டுவிட்டு, 'காலி மெமரி ஏறிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறார். அடுத்த ஐந்து நிமிடம் வட்டு முழுவேகத்தில் ஓடுவது அவர் கண்ணில் படாது. கையேட்டிலேயே எழுதிவிடுங்கள் டீச்சர்: மெம்ஃப்ரீ (வெறும் காலி இடம்) குறைவாக இருப்பது நோய் அல்ல, பார்க்கவேண்டியது மெம்அவைலபிள் (தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடியதையும் சேர்த்த கணக்கு). தூர்வாரலை, நிரல் இனித் தொடாத தரவைக் கழிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனுக்கு வேண்டுமானால் எடுத்து வையுங்கள், அங்கே பொருந்தும்.

என்னைக் கேட்டால் 'ரீக்ளெய்ம்' என்றே எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

மாயவரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அப்படியென்றால் 'ஒழிப்பு'. கோபப்படாமல் கேளுங்கள். 'மாடி அறையை ஒழிச்சுக் குடு', 'பாத்திரத்தை ஒழிச்சுப் போடு' என்று நம் பக்கம் சொல்வதில் யாரும் எதையும் அழிப்பதில்லை, இடம் காலியாகிறது. கர்னல் செய்வது அச்சு அசல் இதுவே.

குடந்தை ஆசிரியை எழுதியது:

மாடி அறை சரி. ஆனால் 'நினைவக ஒழிப்பு' என்று பலகை வைத்தால் கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு வரிசையில் போய் நிற்கும்.

திருவையாற்றுப் புலவர் எழுதியது:

ஒழிபு என்றால் எஞ்சியது என்றும் பொருள். யாப்பருங்கலக் காரிகையில் உறுப்பியல், செய்யுளியல் போக எஞ்சியவற்றைச் சொல்வது ஒழிபியல். 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன மூன்று பொருளில் ஒழியிசையும் ஒன்று. மற்ற இரண்டு கழிவும் ஆக்கமும். கழிவு, ஆக்கம், ஒழியிசை மூன்றும் உங்கள் கர்னலில் நடக்கின்றன என்பதை எண்ணி வியக்கிறேன். இருந்தாலும் மாயவரத்தார் சொன்ன பொருள் பேச்சில்தான் வாழ்கிறது, ஏட்டில் ஏறினால் அழிவாகிவிடும்.

கண்காணிப்பு என்பதையும் யாராவது கங்காணி, தேயிலைத் தோட்டம் என்று குறை சொல்லுமுன் சொல்லிவைக்கிறேன். சோழர் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி' வருகிறது. கோயில் கணக்கை மேற்பார்த்தவர்கள். கௌரவமான சொல்.

பட்டுக்கோட்டை மாணவர் எழுதியது:

சார், சொல் விவாதத்துக்கு நடுவில் ஒரு சந்தேகம். பயிற்சியை ஓட்டிப் பார்த்தேன். சிகுரூப் (நிரல் குழுவுக்கு வரம்பு வைக்கும் கர்னல் வசதி) ஒன்றில் மெமரி ஹை என்னும் வரம்பை 256 எம்பி வைத்து, உள்ளே 1 ஜிபி கோப்பைப் படித்தேன். ப்ராக் அடைவில் இருக்கும் விஎம்ஸ்டாட் என்னும் கணக்குக் கோப்பில் பிஜிஸ்கேன், பிஜிஸ்டீல் இரண்டிலும் கேஸ்வாப்டி, டைரக்ட் வரிகள் அசையவில்லை. ரீக்ளெய்ம் நடக்கவே இல்லையா?

மன்னார்குடி சர்வர்க்காரர் எழுதியது:

நடந்தது தம்பி, நீங்கள் தப்பான இடத்தில் பார்க்கிறீர்கள். சிகுரூப் வரம்பால் வரும் ரீக்ளெய்மை விஎம்ஸ்டாட்டின் அந்த எண்ணிக்கைகளில் கர்னல் சேர்ப்பதில்லை. அவை இயந்திரம் முழுவதற்கும் வரும் நெருக்கடிக்கு உரியவை. அந்த சிகுரூப்பின் அடைவில் மெமரி ஸ்டாட் கோப்பைத் திறங்கள், அதில் பிஜிஸ்கேன் ஏறியிருக்கும். கன்டெய்னரில் (சிகுரூப் வரம்புக்குள் அடைத்து ஓட்டும் சூழல்) ஓடும் நிரல் திணறும்போது வெளியே வரைபடம் தட்டையாகத் தெரிவது இதனால்தான். டீச்சர், இது கையேட்டில் கட்டாயம் வேண்டும்.

எண்ணைப் படிக்கிற முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஎம்ஸ்டாட்டின் இந்த எண்ணிக்கைகள் கணினி தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும் கூட்டுத்தொகை. ஒருமுறை படித்தால் பயனில்லை. 10 விநாடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழிக்கவேண்டும். வித்தியாசம் பக்கக் கணக்கில் வரும். பக்கம் 4 கேபி என்றால் 25,600 பக்கம் 100 எம்பி. ஸ்டீலை ஸ்கேனால் வகுங்கள். 1,00,000 புரட்டி 95,000 கிடைத்தால் கவலையில்லை. 1,00,000 புரட்டி 8,000 கிடைத்தால் கர்னல் அதே பக்கங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. அலோக்ஸ்டால் என்னும் எண்ணிக்கை ஏறினால் நேரடி வகை தொடங்கிவிட்டது. வொர்க்கிங்செட் ரீஃபால்ட் என்னும் எண்ணிக்கை ஏறினால், சற்றுமுன் தூக்கியதையே திரும்பக் கேட்கிறார்கள். அதைப் பார்த்தபிறகு ஸ்வாப்பினெஸ்ஸை (ஸ்வாப்பை எவ்வளவு நாடுவது என்ற அமைப்பு) திருகிப் பயன் குறைவு, வேலைக்கு நினைவகம் போதவில்லை.

கேஸ்வாப்டி தாமதமாக எழுவதால் மட்டும் அலோக்ஸ்டால் ஏறினால் மட்டக்குறிகளின் இடைவெளியை முடிவுசெய்யும் வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டரைக் கூட்டலாம். இயல்பு மதிப்பு 10, அதாவது நினைவகத்தில் 0.1 விழுக்காடு. 16 ஜிபி இயந்திரத்தில் மட்டக்குறிகளுக்கு இடையே சுமார் 16 எம்பிதான் இருக்கும். வேகமான நெட்வொர்க் அட்டை அதை ஒரு மூச்சில் விழுங்கிவிடும்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

நன்றி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'நெருக்கடி' என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, பிரஷருக்கு அதையே வைத்துவிடலாமா? 'நினைவக அழுத்தம்' என்றால் ரத்த அழுத்தம் போல எப்போதும் இருக்கிற ஒன்றாகத் தெரிகிறது.

மன்னார்குடி சர்வர்க்காரர் எழுதியது:

வையுங்கள். 4.20 கர்னலிலிருந்து ப்ராக் பிரஷரில் மெமரி என்ற கோப்பு இருக்கிறது. சம் (சில) வரி, ஒரு பணியாவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேர விழுக்காடு. ஃபுல் வரி, வேலையுள்ள எல்லாப் பணிகளும் ஒரேநேரத்தில் முடங்கிய விழுக்காடு. 10, 60, 300 விநாடிச் சராசரிகள். கடைசியில் மைக்ரோ விநாடியில் மொத்தம். 'சிலர் காத்திருப்பு', 'அனைவர் காத்திருப்பு' என்று போட்டால் விளக்கமே தேவையில்லை.

மாயவரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மூலச் சொல் இன்னும் நிற்கிறது. 'மீள்கொளல்' என்று முன்மொழிகிறேன். வேறெதற்கும் வாக்கப்படாத சொல். பின்னணி மீள்கொளல், நேரடி மீள்கொளல். ஸ்கேனுக்கு 'அலசல்', ஏனென்றால் 'வருடல்' மேசைமேல் இருக்கும் கருவிக்குப் போய்விட்டது. ஸ்டீலுக்குத் 'திருட்டு' வேண்டாம், 'பெற்றவை' போதும்.

திருவையாற்றுப் புலவர் எழுதியது:

மீள்கொளல் என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் மீள்கின்ற கொளல் என்றாகும். மீள்வது எது, கொளலா? ஆங்கில முன்னொட்டைத் தமிழில் ஒட்டவைக்கும் பழக்கம் இது. தனிக்குறில் முன் ஒற்று இரட்டும் என்பதால் உரைநடைக்குக் 'கொள்ளல்' என்பதே இயல்பு. கொளல் வேண்டுமானால் குறளில் இருக்கிறது, 222ஆம் பாட்டில்: 'நல்லாறு எனினும் கொளல்தீது.' உங்கள் கர்னலுக்கு வள்ளுவர் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

அச்சகத்திலிருந்து இருமுறை கேட்டுவிட்டார்கள். தனிமடலிலும் இங்கேயும் வந்தவற்றில் மீள்கொளல் பக்கமே ஆள் அதிகம், பலர் 'ஏதாவது ஒன்றை வையுங்கள்' என்ற குரலில். அலசல், பெற்றவை, மட்டக்குறி, நெருக்கடி நான்குக்கும் எதிர்ப்பில்லை. முதல் பக்கத்தில் மட்டும் 'மீள்கொளல் என்னும் ரீக்ளெய்ம்' என்று போடுகிறேன். புலவர் ஐயாவின் மீட்பு சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இருக்கும்.

திருவையாற்றுப் புலவர் எழுதியது:

இருக்கட்டும். நான் மீட்பு என்றே எழுதுவேன்.

பட்டுக்கோட்டை மாணவர் எழுதியது:

சார், மீள்கொளலும் பலிக்காமல், நினைவகம் அறவே தீர்ந்து, ஓஓஎம் கில்லர் வந்தால்? பழைய கையேட்டில் 'நினைவகக் கொலையாளி' என்று இருக்கிறது.

மன்னார்குடி சர்வர்க்காரர் எழுதியது:

அது கொல்வது நினைவகத்தை இல்லை, அதிகம் பிடித்துவைத்திருக்கும் நிரலை. அதனால் அந்தப் பெயர் தப்பு. புதுப் பெயருக்குப் புது இழை திறங்கள், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.