குரூமிங்: தமிழில் என்ன சொல்லலாம்? (நாய்க் கையேடு, அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே நாயைக் குளிப்பாட்டி, மயிர் வாரி, நகம் வெட்டி, காது துடைத்து, பல் தேய்த்துவிடுவது பற்றி ஒரு கையேடு. நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இத்தனை வேலைக்கும் சேர்த்துத் தலைப்பில் ஒரு சொல் வேண்டும். 'பராமரிப்பு' என்று போட்டிருந்தேன். சாப்பாடும் தடுப்பூசியும்கூட அதில் வந்துவிடும் என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொன்று, நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் பகுதி. ஆங்கிலத்தில் 'குவிக்'. கத்தரி அதில் பட்டால் ரத்தம் வரும், நாய் அலறும். ஆகவே அந்தச் சொல் படித்த உடனே புரிய வேண்டும்.

ஓலைச்சுவடி:
பராமரிப்பு போனதில் எனக்கு வருத்தமில்லை, அது வடசொல். 'குரூம்' என்பது இடைக்கால ஆங்கிலத்தில் பையன், ஏவலாள், பிறகு குதிரைக்காரன், அப்புறம்தான் குதிரையைத் தேய்த்துவிடும் வேலைக்கே பெயரானது. நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? பறவை இறகைக் கோதுகிறது, தாய் மகளின் தலையைக் கோதுகிறாள். 'கோதல்' என்று வையுங்கள். பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், வினையாகவும் விரியும்.

நடைமுறையாளன்:
ஐயா, காதையும் பல்லையும் எப்படிக் கோதுவது? 'ஒப்பனை' என்று வைத்தால் என்ன? எல்லாருக்கும் புரியும்.

கால்நடை மருத்துவர்:
ஒப்பனை வேண்டவே வேண்டாம். அழகு விஷயம் என்று நினைத்து, வீட்டில் தாங்கள் போடும் ஷாம்புவை எடுத்து நாய்க்கும் போடுவார்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் ஷாம்பு அதற்கு வறட்சியும் அரிப்பும் தரும். பற்பசையும் அப்படித்தான். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பசை நாய்க்கு நஞ்சு.

தலைப்பை விட எனக்குக் கவலை உள்ளே வரும் சொற்களைப் பற்றித்தான். மூலத்தில் 'டாங்கிள்' வேறு, 'மாட்' வேறு. முதலாவது சீப்புக்கு வழிவிடும். இரண்டாவது கம்பளி மாதிரி இறுகித் தோலோடு ஒட்டிக் கிடக்கும். இழுத்தால் தோல் வலிக்கும், கத்தரி வைத்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். அதனால்தான் முதலில் வாரு, அப்புறம் குளிப்பாட்டு என்கிறோம். இரண்டுக்கும் 'சிக்கு' என்றே எழுதினால் இந்த வரிசை ஏன் என்பதே வாசகருக்குத் தெரியாது.

ஓலைச்சுவடி:
டாக்டர் சொன்னது அருமையான வேறுபாடு. முதலாவது சிக்கு, இரண்டாவது சடை. சடாமுடியில் இருப்பது அதுதானே?

நடைமுறையாளன்:
பின்னலையும் சடை என்கிறோம். போதாததற்கு மயிர் அடர்ந்த நாய்க்கே 'சடைநாய்' என்று பெயர். 'சடையை அகற்றவும்' என்று அச்சடித்தால் முழு நாயையும் மழித்துவிடுவார்கள்.

கால்நடை மருத்துவர்:
அது சிரிக்கிற விஷயமில்லை. இரட்டை அடுக்கு மயிர் உள்ள நாயை மழித்தால் மயிர் திட்டுத் திட்டாக வளரலாம், பழைய நிலைக்கு வராமலும் போகலாம். 'இறுகிய சிக்கு' என்று எழுதிவிடுங்கள், போதும்.

ஓலைச்சுவடி:
இரட்டை அடுக்கு என்றதும் ஒன்று தோன்றுகிறது. உள்ளே இருக்கும் மென்மயிருக்கு 'தூவி' என்று பெயர் வைக்கலாம். அன்னத்தின் தூவியும் காதலியின் அடிக்கு நெருஞ்சிப் பழம் என்கிறார் வள்ளுவர். மென்மைக்கு அதைவிட என்ன சொல் வேண்டும்? நாய்க்குட்டியையும் 'குருளை' என்றே எழுதுங்கள். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் அந்தப் பெயரைத்தான் தருகிறது.

நடைமுறையாளன்:
அதே மரபியல் 'குட்டி' என்பதையும் விலக்கவில்லை ஐயா. தூவி பறவைக்கு உரியது. 'அடிமயிர்' போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
'மயிர்' என்றாலே பதிப்பாசிரியர் முகம் சுளிக்கிறார். முடி என்று மாற்றச் சொல்கிறார்.

ஓலைச்சுவடி:
வள்ளுவர் எழுதிய சொல்லை எழுதக் கூசுகிறோம். மயிர்நீப்பின் வாழாக் கவரிமாவை இனி முடிநீப்பின் என்று படிப்போமா? தெருவில் எவனோ வசைக்கு எடுத்துக்கொண்டான் என்பதற்காக நாம் விட்டுக்கொடுத்தால் அகராதியில் பாதி போய்விடும். முடி என்றால் எனக்கு இன்றும் மகுடம்தான்.

(இதற்குப் பின் மயிரா முடியா என்றே மடல்கள் வந்துகொண்டிருந்தன. ரோமம் என்றவரை இரு தரப்பும் சேர்ந்து விரட்டின.)

மொழிபெயர்ப்பாளர்:
தயவுசெய்து நகத்துக்கு வாருங்கள்.

ஓலைச்சுவடி:
'குவிக்' என்பதன் பழம்பொருள் உயிருள்ளது. எனவே 'உயிர்நகம்'.

கால்நடை மருத்துவர்:
உயிர்நகம் என்றால் முழு நகத்தையும் நினைப்பார்கள். 'நகக்குருத்து' எப்படி? காதுக்குருத்து எல்லாருக்கும் தெரியும். வாழைக்குருத்து மாதிரி உள்ளே இளசாக இருப்பது என்பதும் விளங்கும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

நடைமுறையாளன்:
அருமை டாக்டர், என் ஓட்டு குருத்துக்கு. தலைப்புக்கு 'சீராட்டல்' என்று ஒன்று மனதில் இருக்கிறது. நீராட்டு, தாலாட்டு, பாராட்டு வரிசையில் நிற்கும், பாட்டிக்கும் புரியும்.

ஓலைச்சுவடி:
சீராட்டல் செல்லம் கொடுப்பது. காது துடைப்பது செல்லமா, கடமையா? நோய்க்கு மருந்து உள்ளே போகிறது, இந்த வேலைகள் எல்லாம் உடம்பின் வெளியே நடக்கின்றன. அகம், புறம் என்ற பகுப்பு நமக்குப் புதிதல்ல. 'புறப்பேணல்' என்பதே பொருத்தம்.

நடைமுறையாளன்:
புறக்கணிப்பின் தங்கை மாதிரி ஒலிக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. கூட்டிப் பார்த்தால் சீராட்டலுக்குக் கொஞ்சம் பேர், கோதலுக்கு ஒருவரே, மற்றவர்கள் பதிலே போடவில்லை. 'வீட்டில் நாய் சீராட்டல்' என்று தலைப்பு. உள்ளே நகக்குருத்து, இறுகிய சிக்கு, அடிமயிர். மயிரை நான் விடவில்லை, பதிப்பாசிரியர் மாற்றினால் அவர் பாடு. முன்காலின் உட்பக்கம் மேலே தனியாக நிற்குமே, அந்த நகத்துக்கு 'மேல்நகம்' என்று நானே போட்டுவிட்டேன்.

கால்நடை மருத்துவர்:
அது தரையில் படாது, தேயாது, சுருண்டு வளர்ந்து சதையில் குத்தும். மறந்துவிடாமல் வெட்டச் சொல்லுங்கள். பெயர் எதுவானாலும் சரி.

ஓலைச்சுவடி:
பெயர் எதுவானாலும் சரியில்லை டாக்டர். மேல்நகம் என்றால் நகத்தின் மேற்பரப்பு என்றுதான் படுகிறது. தரையைத் தொடாததால் 'தொடாநகம்'. சீராட்டலுக்கு என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது இரண்டையும் மறுபடி கொண்டுவருவேன்.