ஓவனில் மாட்டிறைச்சி ஸ்டேக் ரப்பர் மாதிரி வருது, ஏன்?

கேள்வி (திருகோணமலை):
அண்டர்கட் (மாட்டின்ர முதுகெலும்புக்குக் கீழ வாற மெதுவான இறைச்சி), ஒன்றரை அங்குலத் தடிப்பு. 220 பாகை செல்சியஸில 20 நிமிசம் வைச்சா தண்ணி விட்டு, சாம்பல் நிறமா இறுகிப் போகுது. எங்க பிழை?

பதில் 1:
சூடுதான் பிழை, தம்பி. அண்டர்கட்டில கொழுப்புக் குறைவு. உள்சூடு 65 பாகையைத் தாண்டினா நார் இறுகிச் சாறு வெளியில வந்திடும். முதல்நாளே உப்புத் தடவி, மூடாமல், கம்பித்தட்டில பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ. மேல் ஈரம் காயாட்டி இறைச்சி சிவக்காது, அவியத்தான் செய்யும். பிறகு ஓவன் 120 பாகை, 25–35 நிமிசம். நேரத்தை நம்பாதேங்கோ, இறைச்சி வெப்பமானி கட்டாயம் வேணும். நடுவில 50 காட்டினதும் எடுத்து, புகை வருமட்டும் காய்ஞ்ச இரும்புத் தோசைக்கல்லில பக்கத்துக்கு ஒரு நிமிசம். பிள்ளைகள், கர்ப்பிணிகளுக்கு எண்டால் நடுச்சூடு 63 வரை விட்டு, எடுத்து 3 நிமிசம் ஆறவிட்டுக் குடுங்கோ.

பதில் 2:
கல்லில செக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், கெதியாப் புகைஞ்சு கசக்கும். பட்டர், உள்ளி கடைசி அரை நிமிசத்தில மட்டும்.

பதில் 3:
அண்டைக்கே அறுத்த இறைச்சியோ? அது விறைச்சிருக்கும், எப்படிச் சமைச்சாலும் இழுக்கும். 4 பாகைக்குக் கீழ ரெண்டு நாள் வைச்சுப் பாருங்கோ. வெட்டேக்க நாருக்குக் குறுக்க வெட்டுங்கோ.